கை தேய்த்த இடம்

ஏசுரத்தினத்துக்குக் கண் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. சர்க்கரை வியாதி முதலில் கால் நகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு நேரே கண்ணுக்குப் போய்விட்டது. ஆனால் அவரிடம் ஒரு பொருளை ஒளிப்பது கண் தெரிந்தவனிடம் ஒளிப்பதைவிடக் கஷ்டம் என்பது அந்த எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். மருமகன் சிஜு ஜீப்பை எந்த கியரில் ஏற்றி வருகிறான் என்று வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனிடமிருந்து சிஜு ஒரு சைடு டிரம்மையே ஒளித்தான். அதுவும் அவருடைய சொந்த டிரம்மை.

வண்டிப்பெரியாருக்கு மேலே இருக்கிற அந்த எஸ்டேட்டின் சூசையப்பர் கோயிலுக்கு ஒரு பேண்ட் செட் உண்டு. ஏசுரத்தினம் அதில் இளவட்டமாகச் சேர்ந்த காலத்தில், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு துரையின் கிளப் சாமான்களோடு அந்த டிரம் விற்பனைக்கு வந்தது. பித்தளை உடம்பு, மேலே குரோம் முலாம். பெட்டிக்கடைக்காரர் கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல ஆட்கள் வந்து அதில் தலை வாரிக்கொண்டு போவார்களாம். கண் போகும்வரை ஒரு திருவிழாவை விடாமல் அவர்தான் வாசித்தார். அதற்குப் பிறகு திருவிழாவுக்குத் திருவிழா சிஜு வாசித்தான். மற்ற நாளெல்லாம் டிரம் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கும்.

சாயங்காலமானால் அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். விரல் அதன் மேல் ஊர்ந்துகொண்டே போகும். "இது பீர்மேட்டுல போட்டிக்குப் போனப்ப விழுந்த பள்ளம். தோத்தவனுக விட்ட கல்லு," என்பார். இன்னொரு பள்ளம் லாரி கவிழ்ந்தபோது விழுந்தது. இன்னொன்று, ஜின்சி நடை பழகும்போது பிடித்து இழுத்துத் தள்ளியது. ஜின்சி அவருடைய ஒரே மகள், சிஜுவின் மனைவி.

எல்லாவற்றையும் தடவி முடித்து விரல் கடைசியில் ஓர் இடத்தில் போய் நிற்கும். அங்கே முலாமே இருக்காது. உள்ளங்கை அளவுக்கு வெறும் பித்தளை. திருவிழாச் சப்பரம் சிலுவை நட்ட ஒவ்வொரு குருசடியிலும் நிற்கும். கோயில் சாமியாரான அச்சன் ஜெபம் சொல்வார். அவர் ஜெபத்துக்கு ஒரு முடிவு கிடையாது. அவ்வளவு நேரமும் சைடு டிரம்காரன் இடது கையால் டிரம்மை அணைத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நின்று நின்று, கல்யாண மோதிரம் உரசி உரசி, அந்த இடத்தில் முலாம் போய்விட்டது. மனுஷர் அந்த இடத்தில் கையை வைத்தால்தான் டிரம் நேராக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எது மேல் பக்கம், அடித்தோலை ஒட்டி ஓடும் கம்பியைத் தளர்த்தும் நெம்புகோல் எங்கே, எல்லாவற்றையும் அங்கிருந்துதான் கணக்குப் பண்ணுவார்.

வினையும் அங்கிருந்துதான் வந்தது. தேய்ந்த இடத்தைச் சுற்றி மிச்சமிருந்த முலாம் மீன் செதில்போல விளிம்பு தூக்கிக்கொண்டது. செதில் என்றால் சாதாரணச் செதில் இல்லை, பிளேடு. ஒரு சாயங்காலம் அது அவருடைய மோதிர விரலைக் கீறிவிட்டது. நமக்கெல்லாம் என்றால் வாயில் வைத்துச் சப்பிவிட்டுப் போய்விடலாம். அவருக்கு விரல் வீங்கி, சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, கோட்டயத்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாகிவிட்டது. மோதிரம் கழலவில்லை, வெட்டித்தான் எடுத்தார்கள். "இந்த முறை விரல் தப்பித்தது, அடுத்த முறை தப்பிக்காது," என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

"அந்தச் சனியனத் தூக்கி மச்சுல போடுங்க," என்றாள் ஜின்சி, ஆஸ்பத்திரி வராந்தாவில்.

சிஜுவுக்கு மனசு கேட்கவில்லை. கண்ணும் போன ஆளிடமிருந்து அதையும் பிடுங்கிவிட்டால் அவர் சாயங்காலத்தில் என்ன செய்வார்? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. முலாமைப் புதுசாகப் போட்டுவிட்டால் செதிலும் இல்லை, கீறலும் இல்லை. டிரம்மும் அவரிடமே இருக்கும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைகள் எல்லாம் இப்படி நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பிக்கின்றன. அவரிடம் கேட்டிருக்கலாமே என்றால், போன வருஷமே ஒரு தடவை கேட்டுவிட்டான். "தொட்டா கைய ஒடிச்சுப்புடுவேன்," என்பதுதான் பதில். ஆகவே இந்தத் தடவை கேட்கவில்லை. மாமனார் கோட்டயத்தில் படுத்திருக்க, மருமகன் டிரம்மைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு குமுளி இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு பிளேட்டிங் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தான். பெரியப்பா மகன் சகாயம் லாரி ஓட்டுகிறவன். முலாம் என்றால் அங்கேதான் என்று அவன்தான் சொன்னான்.

பட்டறைக்காரர் லோகேஷ் நிதானமான மனுஷர். வாசலில் புல்லட் சைலன்சர்கள் வரிசையாகத் தொங்கின. டிரம்மை வாங்கி ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல கனமான பித்தளைங்க. இப்ப வர்றதெல்லாம் தகரமுங்க," என்றார். பிறகு பள்ளங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முலாம் பூசினாப் பள்ளம் மூடிக்குமுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. மூடாதுங்க. இன்னும் நல்லா எடுத்துக் காட்டும். அதனால பழைய முலாத்தை ஆசிட்ல கழட்டி, பள்ளத்தையெல்லாம் தட்டி, பஃப் சக்கரத்துல தேச்சு மட்டமாக்கிட்டுத்தான் நிக்கல் தொட்டிலயே எறக்கோணும். இல்லைன்னா இன்னொண்ணு பண்ணலாங்க. தூக்கிட்டு நிக்கற பிசிறை மட்டும் தேச்சு எடுத்துட்டு, கை கிழிக்காத மாதிரி ஓரத்த மழுக்கிக் குடுத்தர்றேன். பழசு பழசாவே இருக்கட்டும். எப்படிங்க பண்ணட்டும்?"

கேட்டாரா, இல்லையா? கேட்டார். அந்த இடத்தில் சிஜு ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். ஆனால் அவன் கண் சைலன்சர்களின் மேல் இருந்தது. சப்பரத்துக்கு முன்னால், மெழுகுவர்த்திகளின் வெளிச்சம் டிரம்மில் ஆட ஆட, தான் நடந்து போவதை மனசு அதற்குள் பார்த்துவிட்டது.

"எல்லாத்தையும் எடுத்துருங்க. புதுசா இருக்கணும்," என்றான்.

லோகேஷ் தோலைக் கழற்றிவிட்டுக் கையை டிரம்முக்குள் விட்டுத் துழாவினார். "உள்ளார ஒரு தகட்டைப் பத்து வெச்சு ஒட்டியிருக்குதுங்க, ஈயம் ஊத்தி. எப்பவோ வெடிப்பு விட்டிருக்கும். பஃப் சக்கரம் உள்ள போவாதுங்க, அது இருந்துட்டுப் போகட்டும்."

"உள்ள யாரு பாக்கப்போறா," என்றான் சிஜு, சரியாகக் காதில் வாங்காமலே.

"முலாம் இருபது வருஷத்துக்கு அசையாதுங்க. கை தேஞ்சாலும் இது தேயாது," என்றார் லோகேஷ். சிஜுவுக்கு அது பிரமாதமான செய்தியாக இருந்தது.

ஏசுரத்தினம் விரலில் கட்டோடு வீட்டுக்கு வந்த அன்றே கட்டிலுக்குப் பக்கத்தில் கையை நீட்டித் துழாவினார். "டிரம் எங்க?"

"கோயில் ரூம்ல பூட்டி வச்சிருக்கு மாமா. மழை ஈரம்," என்றான் சிஜு. பொய் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவர் ஒவ்வொரு நாளும் கேட்டார். ஒவ்வொரு நாளும் மழை ஈரம் காயவில்லை. கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. லோகேஷ் வேலை முடிந்தது என்று சொன்னதும் சிஜு வெளியூர்ச் சவாரி என்று இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போய் எடுத்து வந்தான்.

பட்டறையில் சாக்கைப் பிரித்துக் காட்டியபோது சிஜுவுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவ்வளவு அழகு. பள்ளம் இல்லை, கீறல் இல்லை, சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் அவன் முகம்தான் தெரிந்தது. தோலும் புதுசு, பிளாஸ்டிக்தான், ஆனாலும் பேண்ட்காரர்களுக்கு அது தோல்தான். மாமாவுக்குக் கண் இல்லையே என்று பஸ்ஸில் வரும்போது நிஜமாகவே வருத்தப்பட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அதை அவருடைய மடியில் வைத்தான். "மாமா, டிரம்மு."

ஏசுரத்தினம் சிரித்துக்கொண்டே அதை அணைத்தார். வலது கை விரல்கள் ஊர ஆரம்பித்தன. ஒரு சாண் போயின. சிரிப்பு நின்றது. விரல்கள் திரும்பி வந்தன. பிறகு இன்னும் வேகமாக ஒரு சுற்று, எதிர்ப் பக்கமாக இன்னொரு சுற்று. தரையில் சிந்திய மாத்திரையைத் தேடுகிற ஆளைப்போலத் தேடினார். கடைசியில் கட்டுப் போட்ட இடது கையைத் தூக்கி, எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தார். அது வழுக்கியது.

"இது யாரு டிரம்மு?" என்றார்.

"உங்களுதுதான் மாமா. முலாம் புதுசா..."

"என் டிரம்மு எங்க?"

"மாமா, இதுதான்..."

"மூணாத்துக்காரனுக்கு வித்துட்டியா?"

அடுக்களையிலிருந்து ஜின்சி வந்து நின்றாள். மூணாறில் ரிசார்ட் வைத்திருக்கிற ஒருவர் கொஞ்ச நாளைக்கு முன்னால் காரில் வந்திருந்தார். எஸ்டேட் காலத்துப் பழைய சாமான்களைச் சுவரில் மாட்டி வைக்கிறவர். கொழுந்துக் கூடை, தராசு, ஹரிக்கேன் விளக்கு எல்லாம் சேர்த்துவிட்டாராம், டிரம்மையும் கேட்டார். ஏசுரத்தினம் வெளியே போ என்று சொல்லிவிட்டார். போகிற போக்கில் ரிசார்ட்காரர் தன் கார்டைச் சிஜுவிடம் நீட்ட, அவன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒரு மரியாதைக்குத்தான். ஆனால் சட்டைப் பையில் கார்டு போகிற சத்தம்கூட அந்தக் கட்டிலுக்குக் கேட்டிருக்கிறது.

"உண்மையச் சொல்லுங்க," என்றாள் ஜின்சி. குரல் தாழ்ந்துதான் இருந்தது. வீட்டோடு மாப்பிள்ளைக்கு மனைவியின் அந்தக் குரலைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சிஜு அவசர அவசரமாகப் போனை எடுத்தான். லோகேஷ் அனுப்பிய படங்கள் எல்லாம் இருந்தன. முலாம் கழற்றிய டிரம், மஞ்சளாக; தொட்டியில் தொங்குகிற டிரம்; பாதி பளபளப்போடு டிரம். ஜின்சி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"அப்பா, நம்ம டிரம்முதான். போட்டோ இருக்கு. பள்ளத்தையெல்லாம் தட்டி எடுத்துருக்காங்க."

"போட்டோவா? யாருக்குக் காட்டுற?" என்றார் ஏசுரத்தினம். "உனக்கும் சேத்துக் கதை கட்டிட்டானா? புருசனுக்குப் பரிஞ்சு பேசத்தான் செய்வ. எம் பொண்ணு நீ, ஆனா அவன் பொண்டாட்டி."

சிஜு லோகேஷுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவரைப் பேசச் சொன்னான். பாவம் அந்த மனுஷர், "நாந்தானுங்க பண்ணினேன், ஐயா, சத்தியமா அதே டிரம்முதானுங்க," என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஏசுரத்தினம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பாலக்காட்டுப் பக்கத்து ஆளு. நல்லாப் பேசுறாரு. என்ன சொல்லச் சொன்னியோ அதைச் சொல்றாரு," என்று முடித்துவிட்டார்.

மறுநாள் பேண்ட் மாஸ்டர் ஆசீர்வாதம் வந்தார். கிளாரினெட் வாசிக்கிறவர், ஏசுரத்தினத்தோடு கூட வாசித்த ஆட்களில் மிஞ்சியிருக்கிறவர் அவர் ஒருவர்தான். டிரம்மைத் தூக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். புதுத் தோல், புதுச் சத்தம். அவராலும் ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை.

"நாளைக்குக் கொடியேத்தம். நானே வாரேன்," என்றார் ஏசுரத்தினம் அவரிடம். "டிரம்மு வார மாட்டிவிட மாட்டேன். ஏன்னும் எல்லாரு முன்னாலயும் சொல்லுவேன்."

அந்தப் பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்க முடியாமல் போனவர் தன் டிரம்மின் தோல் வாரை, வாசிக்கப்போகிறவன் தோளில் தன் கையாலேயே மாட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கொடிக்கு டிரம்மில் முதல் உருட்டு. அவர் மாட்டவில்லையென்றால் அவன் அந்த வருஷம் குச்சியைத் தொட முடியாது. சிஜு வாசிக்காமல் போனால்கூடப் பரவாயில்லை. ஆனால் மாமனார் டிரம்மை விற்றவன் என்ற பெயர் கோயில் முற்றத்தில் விழுந்துவிட்டால், பிறகு எந்த ஆற்றில் குளித்தாலும் போகாது. அவன் ஜீப் ஓட்டுகிறவன். மருந்து, கல்யாணப் புடவை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று பாதி எஸ்டேட் அவனை நம்பித்தான் ஏற்றி அனுப்புகிறது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

ராத்திரி முழுக்க ஜின்சி அவனோடு பேசவில்லை. விற்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தினமும் அப்பா கேட்கக் கேட்க, மழை ஈரம் என்று சொன்னவன் இவன்தானே.

விடிந்ததும் லோகேஷே கூப்பிட்டார். அவருக்கும் தூக்கம் இல்லைபோல. "ஏனுங்க, மாமனாரு சமாதானம் ஆயிட்டாருங்களா? இல்லைங்களா? நான் யோசிச்சுப் பாத்தனுங்க. வெளியில இருந்ததைப் பூராம் நாந்தான் அழிச்சுப்போட்டேன். உள்ளார ஒரு பத்து இருந்துச்சில்லைங்களா, அதைத் தொடலைங்க. முலாம் லேசாப் படிஞ்சிருக்கும், அவ்வளவுதான். அது அவரு வெச்சதுங்களா?"

சிஜுவுக்குத் தெரியவில்லை. அந்தப் பத்து அவர் வைத்ததாகவும் இருக்கலாம். டிரம் துரைகளின் கிளப்பில் கிடந்த காலத்தில் யாரோ வைத்ததாகவும் இருக்கலாம். டிரம்முக்குள்ளே இருப்பதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. வீட்டில் கேட்டால், "பதிலையும் நீயே சொல்லிக் குடுத்துட்டுக் கேக்குறியா," என்பார். கேட்கவில்லை. அந்த ஒரு துரும்பை மடியில் கட்டிக்கொண்டுதான் சாயங்காலம் கோயிலுக்குப் போனான்.

முற்றம் நிறைந்திருந்தது. கொடிமரத்தடியில் பங்கு அச்சன் கொடியோடு நின்றார். பேண்ட்காரர்கள் சிவப்புச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். ஏசுரத்தினத்தை ஜின்சி கையைப் பிடித்துக் கூட்டி வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தாள். ஆசீர்வாதம் டிரம்மைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்து, வாரின் நுனியை அவர் கையில் கொடுத்தார். பேச்சு ஒவ்வொரு இடமாக அடங்கி, கடைசியில் குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை.

ஏசுரத்தினம் வாரைக் கீழே போட்டார்.

"இது என் டிரம்மு இல்ல," என்றார். "என் டிரம்ம இவன்..."

"மாமா," என்றான் சிஜு. "சொல்றதுக்கு முந்தி ஒரு நிமிசம். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் நான் தலைய ஆட்டிட்டுப் போயிடுறேன்."

அவர் முன்னால் மண்டியிட்டு, டிரம் சாவியை எடுத்து, மேல் வளையத்தின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான். ஒரு திருகாணி நழுவிச் சரளையில் விழுந்து உருண்டது; யாரோ ஓடிப் பொறுக்கிக் கொடுத்தார்கள். "கொடியேத்தத்துல என்ன மெக்கானிக் வேலை," என்று பின்னால் ஒருவர் முனகினார். அச்சன் கையைக் காட்டி அடக்கினார். வளையம் வந்தது. தோல் வந்தது. டிரம் வாயைத் திறந்துகொண்டு அவர் மடியில் உட்கார்ந்திருந்தது.

"உள்ள ஒரு பத்து இருக்கு மாமா. அது நீங்க வச்சதா, வேற யாரும் வச்சதான்னு எனக்குத் தெரியாது. கைய விட்டுப் பாருங்க."

ஏசுரத்தினம் கையை நீட்டவில்லை. சிஜுவின் நெற்றியில் வேர்வை ஓடிக் கண்ணுக்குள் போனது, அவன் துடைக்கவில்லை. பிறகு வலது கை மெதுவாக உள்ளே போனது. வளைவைப் பிடித்துக்கொண்டு சுற்றியது. பாதி தூரம் போயிற்று, ஒன்றுமில்லை. சிஜு கண்ணை மூடிக்கொண்டான். முக்கால் தூரத்தில் கை நின்றது.

விரல்கள் ஒரு மூலையைத் தொட்டன. அடுத்த மூலையைத் தொட்டன. மூன்றாவது மூலையில் ஈயம் வழிந்து கட்டிதட்டியிருந்தது. கட்டைவிரல் அதன் மேல் போய் உட்கார்ந்தது.

"உருட்டு மேசைத் தகடு," என்றார் ஏசுரத்தினம்.

அவர் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். கொழுந்து உருட்டுகிற மேசையில் பித்தளைத் தகடு பதித்திருக்கும். எந்தக் காலத்திலோ தேய்ந்து கழற்றிப் போட்ட தகட்டில் ஒரு துண்டை வெட்டி, அவரே வைத்த பத்து அது. "ஈயம் ஊத்துறப்ப சைரன் அடிச்சுட்டான். திரும்பிப் பாத்தேன், வழிஞ்சுட்டு," என்றார். யாரிடமும் சொல்வதாக இல்லை அது.

"அப்ப நம்ம டிரம்முதான்," என்று ஆசீர்வாதம் உரக்கச் சொன்னார். முற்றம் முழுக்க ஒரே சலசலப்பு. யாரோ சிஜுவின் முதுகில் தட்டினார்கள். ஜின்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிஜுவுக்கு உயிர் திரும்பி வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கணம் நினைத்தான். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு ரொம்ப நாள் கூசினான்.

ஏனென்றால் மாமனாரின் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவர் கையை வெளியே எடுத்து, உள்ளே பத்து இருந்த இடத்துக்கு நேர் வெளியே வைத்தார். அங்கிருந்து கணக்குப் பண்ணி ஒரு சாண் தள்ளி வைத்தார். பீர்மேட்டுப் பள்ளம் இருக்க வேண்டிய இடம். வழுவழுவென்று இருந்தது. இன்னும் தள்ளி வைத்தார். ஜின்சி இழுத்துத் தள்ளிய பள்ளம். அதுவும் இல்லை. கடைசியில் அந்த இடத்துக்கு வந்தார். இப்போது அவருக்கு அது எங்கே என்று சந்தேகமே இல்லை. உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்தார்.

"வித்திருக்கலாமே மாப்ள," என்றார். கோபமே இல்லாமல், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "வித்திருந்தா எவன் வீட்டுச் செவுத்துலயாவது தொங்கிக்கிட்டு இருந்திருக்கும். போய்த் தொட்டுப் பாத்துட்டு வந்திருப்பேன்."

ஓரத்தை மட்டும் மழுக்கிக் கொடுக்கட்டுமா என்று லோகேஷ் கேட்டது அப்போதுதான் சிஜுவின் காதில் முழுசாக விழுந்தது. "உங்க விரல் போயிருமேன்னுதான் மாமா," என்றான். உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சம் அவன் நினைவில் இருந்தது.

"தெரியும்," என்றார் அவர். கட்டுப் போட்ட விரலைத் தூக்கி முலாமின் மேல் இரண்டு தடவை உரசிப் பார்த்தார். மோதிரம் இருந்த இடத்தில் பஞ்சுத் துணிதான் இருந்தது. "எம்புட்டு வருசம் தாங்குமாம் இது?"

இதைப் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்து வைத்திருந்தான்.

"இருவது வருசம்," என்றான்.

எழுபத்தாறு வயசு மனுஷர் தலையை ஆட்டிக்கொண்டார். "சரி. தோலப் போட்டு முறுக்கு. அச்சன் நிக்காரு."

சிஜு தோலைப் போட்டான். வளையத்தை வைத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். அவர் கீழே குனிந்து, சரளையில் துழாவி, தான் போட்ட வாரைத் தானே எடுத்து அவன் தோளில் மாட்டிவிட்டார். கொக்கியையும் சரியாகப் போட்டார். குச்சிகள் கைக்கு வந்தன. ஆசீர்வாதம் கிளாரினெட்டை வாயில் வைத்துக்கொண்டு சைகைக்குக் காத்திருந்தார்.

ஏசுரத்தினத்தின் இடது கை மட்டும் இன்னும் டிரம்மின் மேலேயே இருந்தது, எப்போதும் வைக்கிற இடத்தில். சிஜு நிமிர்ந்து நின்றால் அது விலகிவிடும். அதனால் அவன் முதுகை வளைத்துக் குனிந்தபடியே நின்றான். அச்சன் கொடிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுங்கள் மாமா என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.